இரும்பில் ஏழு நிமிடம்

சாந்தாமணி அந்த லேத் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவளுடைய அம்மா கேட்டைத் திறக்க மறுத்துவிட்டாள்.

கிரேன் வண்டி கணபதி ஏரியாவின் குறுகலான அந்தத் தெருவை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. கேட்டுக்கு உள்பக்கம் ராமாத்தாள் பூட்டோடு சேர்த்துச் சாவியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுபது வயது. ஒருநாளும் மகளின் வேலைக்குக் குறுக்கே வந்தவள் இல்லை.

"இது ஒண்ணு வேண்டாம் அம்மிணி. வேற எத்தனை மெஷின் வேணும்னாலும் கொண்டா. இதைத் திருப்பி அனுப்பீரு" என்றாள்.

சாந்தாமணி கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தாள். கேட்டைத் திறந்து, கிரேன்காரரை உள்ளே வரச் சொன்னாள்.

அவளுக்கும் அம்மாவுக்கும் பேச்சு குறைந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டை என்று சொல்ல முடியாது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. சோறு வைக்கட்டுமா என்று ஒருத்தி கேட்பாள், ம் என்று ஒருத்தி சொல்வாள். அவ்வளவுதான். காரணம் ஒரு காகிதம்.

சாந்தாமணியின் அப்பா ஆறுக்குட்டி ஒரு பம்பு கம்பெனியில் லேத், அதாவது இரும்பைச் சுற்றவிட்டுக் கடையும் மெஷின், ஓட்டியவர். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது சட்டைக் கை லேத்தில் சுற்றி அங்கேயே இறந்துபோனார். அந்தச் சமயத்தில் அவள் பல்லடத்தில் பெரியம்மா வீட்டில் இருந்ததாகத்தான் சொல்லி வளர்த்தார்கள்; அவளுக்கும் அந்த நாட்களில் எதுவும் நினைவில்லை. ஊரில் அவரைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: குடித்துவிட்டு மெஷினில் நின்றான், செத்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் குடிகாரன் மகள் என்றே பெயர். பதினாறு வயதில் கம்பெனி ஆபீசுக்கே போய் விசாரணை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தாள். 'மது அருந்திய நிலையில் பணியாற்றியதால்' என்று அதில் எழுதியிருந்தது. அதன் கீழே, தன் கணவருக்குக் காலையிலேயே குடிக்கும் பழக்கம் இருந்தது உண்மை என்று அம்மா கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அப்பா குடித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பெரியம்மாவும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பிடித்த கோபம் அவளை விடவே இல்லை. கோபத்தில்தான் ஐ.டி.ஐ.யில் லேத் ஓட்டும் டர்னர் படிப்புப் படித்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். கோபத்தில்தான் இருபத்திரண்டு வருஷம் லேத் ஓட்டினாள். குடிக்காத மனுஷன் எந்தெந்த வழியில் அந்த மெஷினில் சாக முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. பிறகு கம்பெனிகள் எல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள் தானாக ஓடும் மெஷின்களுக்கு மாறின. மெஷின் முன்னால் நிற்க ஆளே தேவைப்படவில்லை. அவள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத்துகளை வாங்கிப் பிரித்துத் துரு நீக்கி, தேய்ந்த 'பெட்' எனும் அடிமேடையைச் சுரண்டிச் சமமாக்கி ஓடவைக்க ஆரம்பித்தாள். கல்லூரிக்காரர்கள் வாங்கினார்கள். கையால் கடைவதில் ஆசை வைத்த டாக்டர்கள், வக்கீல்கள்கூட வாங்கினார்கள்.

அப்பாவைக் கொன்ற லேத் எங்கே கிடக்கிறது என்று அவளுக்கு எப்போதும் தெரியும். அந்தச் சாவுக்குப் பிறகு எந்த டர்னரும் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், பழைய ஸ்டோர் ரூமில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டார்கள். இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்கில் மாட்டியிருந்த, கடைந்து முடிக்காத ஷாஃப்ட் உருளையைக்கூட யாரும் கழற்றவில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக அது அப்படியே இருந்தது. அதை வாங்க அவள் அவசரப்பட்டதற்குக் காரணம் நிலோஃபர்.

நிலோஃபர் ஒரு இஞ்சினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். முப்பது வயது. ஒரு சின்ன லேத்தை ரிப்பேர் பார்க்கச் சொல்லி வந்தவள், டீ குடித்துக்கொண்டே தன் வேலையைப் பற்றிச் சொன்னாள்.

"லேத்ல கடையும்போது வெட்டுற டூல் ஒரே கோடுதான் போடுது, இல்லையா அக்கா? சுத்திச் சுத்தி, ஒரு முனையிலருந்து இன்னொரு முனை வரைக்கும் ஒரே கோடு. கிராமபோன் தட்டு மாதிரி. பக்கத்துல யாராவது பேசினா டூல் கொஞ்சம் நடுங்கும். அந்த நடுக்கமும் கோட்டுல பதிஞ்சிடும்."

சாந்தாமணி சிரித்துவிட்டாள். லேத் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலே காதில் விழாது, அதில் பேச்சு எங்கே பதியும் என்று கேட்டாள்.

"மெஷின் சத்தம் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். அதைக் கண்டுபிடிச்சுக் கழிச்சிடலாம். மிச்சம் இருக்கறது மனுஷங்க சத்தம். இதுவரைக்கும் பதினோரு ஷாஃப்ட்லருந்து எடுத்திருக்கோம்."

சாந்தாமணி டம்ளரைக் கீழே வைத்தாள். மனசுக்குள் கணக்குப் போட்டாள். அறிக்கையின்படி அப்பா ஃபினிஷிங் ஓட்டம், அதாவது கடைசி மெருகுக் கடைசல், ஓட்டிக்கொண்டிருந்தார். மில்லிமீட்டருக்குப் பத்துச் சுற்று, நிமிஷத்துக்கு முந்நூறு சுற்று. இருபது சென்டிமீட்டர் கடைந்திருந்தால் ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறையும். அப்பா உயிரோடு இருந்த கடைசி ஏழு நிமிஷம்.

அடுத்த சில மாதங்களில் இப்படி ஒரு வழி இருப்பது வெளியே தெரிந்ததும் நிறைய நடந்தது. பழைய தொழிற்சாலை விபத்துகளை மறுபடி விசாரிக்க அரசு ஒரு குழுவை அமைத்தது. விதவைகள், பிள்ளைகள், கை போனவர்கள் எல்லாம் துருப்பிடித்த கம்பிகளையும் உருளைகளையும் துணியில் சுற்றிக்கொண்டு அதன் வாசலில் நின்றார்கள். இன்னொரு பக்கம், பழைய இரும்பைச் சும்மா போட்டு வைத்திருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக அவசர அவசரமாக உலைக்கு அனுப்பின. அப்பா வேலை பார்த்த கம்பெனியை இப்போது நடத்தும், பழைய முதலாளியின் பேரனும் ஸ்டோர் ரூமைக் காலி செய்யச் சொன்னான். கேஸ் நெருப்பு வைத்து வெட்டுவதற்கு ஒருநாள் முன்பு இரும்புக்கடைக்காரரைப் பிடித்து சாந்தாமணி அந்த லேத்தை மீட்டாள்.

கொட்டகையில் இறக்கிய பிறகு ஒரு வாரம் அவள் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். துரு பிடித்த மெஷினைப் பார்த்தாலே அவள் கை தானாகக் கம்பி பிரஷைத் தேடும். இதில் அது கூடாது. பிரஷ் ஒரு தடவை பட்டாலும் அந்த இடத்துக் குரல் போய்விடும் என்று நிலோஃபர் எச்சரித்திருந்தாள். நல்லவேளையாக, கடையும்போது ஊற்றிய எண்ணெயே ஷாஃப்டின் மேல் பிசினாக இறுகி அதைத் துருவிலிருந்து காப்பாற்றியிருந்தது. பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு, ஒத்தி ஒத்தி எடுத்தாள். தேய்க்கவில்லை. விரல் அகலம் சுத்தமாக ஒரு முழு நாள் ஆனது. பிசினுக்குக் கீழே கோடுகள் நேற்றுப் போட்டதுபோல மின்னின. சக்குக்கு அருகே, டூல் உள்ளே குத்தி நின்ற இடத்தில் ஆழமான ஒரு வெட்டு இருந்தது. அந்த இடத்தைச் சுத்தம் செய்வதை மட்டும் அவள் கடைசிக்குத் தள்ளினாள். லேத்துக்கு ஒரு பாதுகாப்பு மூடி உண்டு. சக்கின் மேல் கவிழ்ந்து நிற்கும். இந்த லேத்தில் மூடி இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன. யாரோ பதறாமல் ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருந்தார்கள்.

ராமாத்தாள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நிலோஃபர் ஸ்கேனரோடு வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய நாள் மத்தியானம், சாந்தாமணி பெல்ட் வாங்க உக்கடம் வரை போயிருந்தாள். திரும்பிவந்து வண்டியை நிறுத்தும்போதே அந்தச் சத்தம் கேட்டது. இரும்பில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். அவளுக்கு அது தூக்கத்திலும் தெரியும்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். அம்மா லேத்துக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் உப்புத்தாளைப் பிடித்து ஷாஃப்டை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். சேலை முந்தானை முழுக்கக் கருப்பு. வியர்வையில் முகம் நனைந்திருந்தது.

சாந்தாமணி தாளைப் பிடுங்கி எறிந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து எழுப்பினாள். அது இழுப்பா, தள்ளலா என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா தடுமாறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷமாகப் பேசாததை எல்லாம் சாந்தாமணி அப்போது பேசினாள். கட்டிய புருஷனைக் குடிகாரன் என்று எழுதிக்கொடுத்தது போதாதா, செத்தவர் வாயைத் திறக்கப் போகிறார் என்றதும் அதையும் அடைக்க வந்தாயா என்று கேட்டாள். எவன் என்ன கொடுத்தான் உனக்கு என்றுகூடக் கேட்டாள். ராமாத்தாள் கருப்பான உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் நிலோஃபர் வந்து பார்த்தாள். தேய்த்திருந்தது ஷாஃப்டின் வெளி முனையில், மூன்று விரல் அகலம். சக்குப் பக்கம் கை எட்டாததால் ராமாத்தாள் எட்டிய இடத்திலிருந்து தொடங்கியிருந்தாள். டூல் வெளி முனையிலிருந்து சக்கை நோக்கித்தான் நகரும். அதனால் அழிந்தது ஆரம்ப நிமிஷங்கள் மட்டும். கடைசி நாலரை நிமிஷம் அப்படியே இருந்தது.

ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனவள் நான்கு நாள் கழித்து ஒரு காலையில் வந்தாள். லேப்டாப்பைத் திறக்கவே தயங்கினாள். சாந்தாமணியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, அது நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பல்லடத்துல, பெரியம்மா வீட்ல. ஏன் கண்ணு?"

நிலோஃபர் ஒலியை ஓடவிட்டாள்.

முதலில் மழை பெய்வதுபோல ஒரு இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து, கிணற்றுக்குள் பேசுவதுபோல ஒரு குரல் வந்தது. அதிகாரமான குரல், சூப்பர்வைசராக இருக்க வேண்டும்.

"சட்டைக் கைய மடிக்காதீங்க ஆறுக்குட்டி. வெளிநாட்டுப் பார்ட்டி வந்துட்டு இருக்காங்க. புது யூனிபாரம் எதுக்குக் குடுத்திருக்கு?"

"கை தொளதொளன்னு கெடக்குதுங்க சார். மூடியும் கழட்டி மூணு வாரமாச்சு. சுத்திக்கிச்சுன்னா?"

"மூடி போட்டா சக்குல ஒரு ஜாப் மாத்தறதுக்குள்ள விடிஞ்சிரும். ரெண்டு மணி நேரம் பொறுங்க. போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க."

"சரிங்க சார்."

சாந்தாமணி லேத்தின் பெட்டைப் பிடித்துக்கொண்டாள். தெளிவான குரல். குளறல் இல்லை, இழுப்பு இல்லை. சூப்பர்வைசர் போன பிறகு அப்பா தனக்குத்தானே அளவு சொல்லிக்கொண்டார்: இன்னும் பத்துப் பாயிண்ட், இன்னும் எட்டு. குடித்தவன் இப்படி அளவு சொல்ல மாட்டான் என்று லேத்தில் நின்ற யாரும் சொல்வார்கள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. பல்லை நறநறவென்று கடித்தாள். மூன்று நிமிஷத்துக்கும் மேலாக இரைச்சலும் அளவுகளும் மட்டும். பிறகு, மெல்லிய ஒரு குரல்.

"அப்பா, சோறு."

உடனே அப்பா: "அங்கயே நில்லு சாமி. கிட்ட வராத, கிட்ட..."

அவ்வளவுதான். அதற்கு மேல் இரும்பு குத்திய சத்தம்.

சாந்தாமணிக்குக் கோபம் தலைக்கேறியது. மெஷின் ஓடுகிற இடத்துக்குள் குழந்தையை எவன் விட்டான், எவன் வீட்டுக் குழந்தை அது என்று கத்தினாள். நிலோஃபர் அவளைப் பார்க்கவில்லை. கொட்டகை வாசலைப் பார்த்தாள். மகள் கத்தியதைக் கேட்டு அங்கே ராமாத்தாள் வந்து நின்றிருந்தாள்.

"நீதான் அம்மிணி" என்றாள்.

அதன் பிறகு ராமாத்தாள் நின்றபடியே, யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள். தினமும் சோற்றுப் பாத்திரமான தூக்குப்போசியைக் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருவது குழந்தையின் வேலை. அன்றைக்கு வாட்ச்மேன் இருக்க மாட்டார், வெள்ளைக்காரர்களுக்கு மாலை போடப் போயிருப்பார், நேராக உள்ளே போய் அப்பா கையில் கொடு என்று அனுப்பியது ராமாத்தாள்தான். மூன்றாம் நாள் அந்த சூப்பர்வைசர் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். கையெழுத்துப் போடாவிட்டால் குழந்தை உள்ளே வந்து கூப்பிட்டதால்தான் விபத்து என்று எழுத வேண்டிவரும், போலீஸ் குழந்தையை விசாரிக்கும், கோர்ட்டில் ஏற்றுவார்கள் என்றார்.

"குடிகாரன் மகள்னா நீ வளர்ந்து கழுவிக்குவ. அப்பனைத் தின்னவள்னு ஒரு பேரு வந்துட்டா அதை எங்க போய்க் கழுவுவ? போட்டுட்டேன்."

பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று சாந்தாமணி கேட்டாள். இருபது வயதில், முப்பது வயதில், எப்போதாவது.

"சொல்லியிருந்தா என்மேல இருக்கற கோவம் உம்மேலயே திரும்பியிருக்கும். என்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள் அம்மா.

அடுத்த இரண்டு நாளும் சாந்தாமணி கொட்டகையில் வேறொரு லேத்தின் பெட்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். தேவைக்கு மேல் சுரண்டினாள். ஆறு வயதில் தான் போட்ட அந்த ஒரு சத்தம் காதுக்குள் நிற்காமல் ஒலித்தது. முதல் நாள் தன் கையையே வெறுத்தாள், போசியைத் தூக்கிப்போன கை. இரண்டாம் நாள்தான் கோபம் போய்ச்சேர வேண்டிய இடம் பிடிபட்டது. ஒரு மூடியை மாட்ட நேரமில்லாதவர்களுக்கு, ஒரு குழந்தையைக் கயிறாகத் திரித்து அவள் அம்மாவைக் கட்டிப்போட நேரம் இருந்திருக்கிறது. மூன்றே நாளில் யோசித்திருக்கிறார்கள். அந்தக் கயிறு நாற்பத்திரண்டு வருஷம் அறாமல் இருந்திருக்கிறது. அதன் மறுமுனையை இழுத்துப் பிடித்திருந்தவள், தெரியாமலேயே, அவள்தான்.

நிலோஃபர் ஒரு யோசனை சொன்னாள். கடைசி ஆறு வினாடியை வெட்டிவிட்டு விசாரணைக் குழுவிடம் கொடுக்கலாம். சூப்பர்வைசர் பேசியதே போதும், குழந்தை குரல் வெளியே வரவேண்டியதில்லை. வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். சாந்தாமணி முழுசாகவே கொடுக்கச் சொன்னாள்.

அந்தக் குழுவின் விசாரணை கலெக்டர் ஆபீஸ் பின்கட்டில் ஒரு ஹாலில் நடந்தது. ஓய்வுபெற்ற பெண் நீதிபதி ஒருவர் தலைமை. ஷாஃப்டை வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்திருந்தார்கள். பேரன் முன்வரிசையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ராமாத்தாள் உள்ளே வர மாட்டேன் என்று தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒலி ஓடி முடிந்ததும் கம்பெனி வக்கீல் எழுந்தார். குழந்தையின் குரல் கேட்டதால் தொழிலாளியின் கவனம் சிதறியது, அனுமதியில்லாமல் உள்ளே வந்த அந்தக் குழந்தைதான் விபத்துக்கு நேரடிக் காரணம், அது யார் என்று முதலில் தெரியவேண்டும் என்றார். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன் சூப்பர்வைசர் சொன்ன அதே பேச்சு, வார்த்தை மாறாமல்.

சாந்தாமணி எழுந்து நின்றாள்.

"நாந்தானுங்க அது. ஆறு வயசு எனக்கு" என்றாள். "எங்கப்பனுக்குக் கவனம் சிதறலைங்க. மூடியில்லாத மெஷின் பக்கமா நான் ஓடி வந்திருக்கேன். மறிக்கறதுக்குக் கைய நீட்டியிருக்காரு. அந்தச் சட்டைக் கை தொளதொளன்னு கெடக்குதுன்னு அதுக்கு நாலு நிமிசம் முன்னால அவரே சொல்றாரு, கேட்டீங்க. மூடி இருந்திருந்தா கிட்ட வராதன்னு சொல்லியிருக்க மாட்டாருங்க. வா சாமின்னு கூப்பிட்டிருப்பாரு."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். வக்கீல் ஏதோ பேச வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு உத்தரவு வாசித்தார்கள். பழைய அறிக்கை ரத்து. மது என்ற சொல் நீக்கப்படுகிறது. பாதுகாப்பு மூடியை நிர்வாகம் அகற்றியதாலும், பொருந்தாத உடையை அணியக் கட்டாயப்படுத்தியதாலும் ஏற்பட்ட மரணம் என்று பதிவு செய்யப்படுகிறது. சாந்தாமணி அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவோம் என்று நினைத்திருந்தாள். சந்தோஷம் வரவில்லை. அந்த சூப்பர்வைசரும் உயிரோடு இல்லை, அன்றைய முதலாளியும் இல்லை. இருந்தவன் பேரன் ஒருவன்தான். அவன் எழுந்து, அந்தக் காலத்தில் தான் பிறக்கவே இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே வெளியேறினான். அவள் பக்கம் திரும்பவில்லை. ஒரு வார்த்தைக்காக அவள் வழியிலேயே நின்றிருந்தாள். அவன் சுற்றிக்கொண்டு போனான். அவன் கார் கேட்டைத் தாண்டும்வரை அவள் கையை முறுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு தாழ்வாரத்துக்கு வந்து பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உத்தரவில் எழுதியிருந்ததைச் சொன்னாள். ராமாத்தாள் தலையை மட்டும் ஆட்டினாள். நிலோஃபரின் போனில் அந்த ஒலி இருக்கிறது, அப்பாவின் குரலை ஒருதடவை கேட்கிறாயா என்று சாந்தாமணி கேட்டாள். கடைசியாக என்ன சொன்னார் என்றாவது கேள் என்றாள்.

"எனக்கெதுக்குக் கண்ணு?" என்றாள் அம்மா. "அவரு கடைசியா என்ன சொன்னாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பல்லடத்துக்கு உன்னை அனுப்பற வரைக்கும் ஒரு மாசம் தூக்கத்துல நீ அதையேதான் சொல்லிட்டுக் கெடந்த. அங்கயே நில்லு சாமி, கிட்ட வராதன்னு. அந்தாளு காகிதத்தை நீட்டுனப்பவும் உள் ரூம்ல நீ சொல்லிட்டுத்தான் இருந்த. அதைக் கேட்டுட்டேதான் கையெழுத்துப் போட்டேன்."